கை நடுங்காத நாற்பத்தோரு நாள்

சுடலைக்கண்ணன் செத்த மூன்றாம் நாளே தொண்ணூறடி ரோட்டு முக்கில் பேனர் கட்டிவிட்டார்கள். எட்டடிக்குப் பத்தடி. மேகத்துக்கு நடுவே அவன் முகம். ரேஷன் கார்டுக்கு எடுத்த படம், ஒரு கண் பாதி மூடியிருக்கும். கீழே கோயில் கமிட்டிக்காரர்கள் பதினாலு பேரின் தலைகள், ஒவ்வொன்றும் செத்தவன் தலையைவிடப் பெரிசு. அதிலே நாலு பேர் சிரித்துக்கொண்டு வேறு இருந்தார்கள். 'அருளாடி சுடலைக்கண்ணன் அவர்கள் சுடலைமாட சுவாமியின் திருவடியில் ஐக்கியமானார்' என்று கொட்டை எழுத்து.

நாகூர் மீரான் குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு முழுசாக வாசித்தான். ஐக்கியமானாராம். பத்தொன்பது வருஷம் மனநோயோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் தாங்க மாட்டாமல் தற்கொலை பண்ணிக்கொண்டவன் அவன். அந்த வார்த்தையை எழுத இந்தப் பதினாலு தலையில் ஒன்றுக்கும் துப்பில்லை. ஆனால் டீக்கடையில் நின்று, எப்படி, எங்கே வைத்து, முதலில் யார் பார்த்தார்கள் என்று துருவித் துருவிக் கேட்பதற்கு மட்டும் எல்லாவனுக்கும் வாய் இருந்தது. மீரானிடமும் கேட்டார்கள். அவன் கேட்டவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே மழையைப் பற்றிப் பேசிக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள்.

மீரானுக்கு வயது நாற்பத்தேழு. தாராவியில் தோல் பை தைக்கிற ஒரு காலா வைத்திருக்கிறான். காலா என்றால் ஊர்ப்பக்கம் பட்டறை. பம்பாயில் அந்த வார்த்தைதான். பத்துக்குப் பதினைந்து அடி அறை, மேலே ஏணி வைத்து ஏறுகிற ஒரு மாடி, நாலு மெஷின், ஜன்னலோரம் வெட்டு மேசை. அவன் வாப்பா மேலப்பாளையத்திலிருந்து வந்தவர். கண்ணனின் அப்பா நாங்குநேரிப் பக்கம். மீரானும் கண்ணனும் முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஒன்பதாவதில் ஒரே நாளில் நின்று, ஒரே பட்டறையில் தோல் வெட்டப் பழகினார்கள். பிறகு மீரான் சொந்தமாகக் காலா போட்டபோது, கேட்காமலேயே வெட்டு மேசையில் வந்து நின்றவன் கண்ணன்தான்.

அவனைப் போலத் தோல் பார்க்க ஆள் கிடையாது. ஆட்டுத்தோலை மேசையில் விரித்தால் முள் கீறின தழும்பு இருக்கும், உண்ணி கடித்த புள்ளி இருக்கும், வயிற்றுப் பக்கம் தொளதொளவென்று இழுக்கும். அதையெல்லாம் ஒதுக்கி அச்சை வைக்கணும். கண்ணன் உள்ளங்கையால் தோலை ஒருதரம் தடவுவான். பிறகு விறுவிறுவென்று கோடு, விறுவிறுவென்று கத்தி. மற்றவன் பத்து பர்ஸ் எடுக்கிற தோலில் அவன் பன்னிரண்டு எடுப்பான். சத்தமாக சினிமாப் பாட்டை வரி மாற்றிப் பாடிக்கொண்டே எடுப்பான். எதிர் காலாவிலிருந்து பீகார்க்காரப் பையன்கள் பாஷை புரியாமலே சிரிப்பார்கள்.

இருபத்தெட்டு வயசில் அந்த நோய் வந்தது. நாலு நாள் தூக்கம் இல்லை, வாய் ஓயவில்லை. ஐந்தாம் நாள் மீரான் காலாவைத் திறந்தபோது அறுபது தோலையும் வட்ட வட்டமாக வெட்டி அடுக்கிவைத்திருந்தான். என்னலே இது என்று கேட்டால், மாஹிமிலிருந்து கடலுக்கு மேலே தோலாலேயே பாலம் போடப்போகிறேன், கவர்மெண்டில் பேசியாச்சு என்றான். அன்று மத்தியானமே பழைய கணக்கு வாத்தியாருக்குச் சொல்ல வேண்டும் என்று கல்யாணுக்கு நடந்தே கிளம்பிவிட்டான். முலுண்ட் தாண்டித்தான் மீரான் பிடித்தான். காலெல்லாம் கொப்புளம். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்து மீரானுக்கு அழுகை வந்துவிட்டது.

பிறகு இரண்டு மாசம் மாடியில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடந்தான். பேச்சில்லை. குளியல் இல்லை. மீரான் தினமும் ஏணியேறி வெண்ணெய் தடவின ஒரு பன் மஸ்காவும் டீயும் கொண்டுபோய் வைப்பான். முதுகோடு பேசிவிட்டு இறங்குவான். சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒருத்தர் சோம்பேறித்தனம் என்றார். ஒருத்தர் பொண்டாட்டி சரியில்லை என்றார். இன்னொருத்தர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்று சொன்னது கண்ணன் மனைவி சண்முகவடிவு ஒருத்திதான். அப்போது அவளுக்கு இருபத்துமூன்று வயசு, இடுப்பில் நாலு வயசுப் பையன் நகுல். பத்தாம் வகுப்பு தாண்டாத அந்தப் பெண்ணுக்கு இருந்த புத்தி அத்தனை மீசைகளில் ஒன்றுக்கும் இல்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு மராட்டி டாக்டரம்மா. பொறுமைசாலி. மாத்திரை எழுதிக்கொடுத்தாள். மூன்று மாசத்துக்கு ஒருதரம் ரத்தம் பார்க்கணும். கண்ணன் எழுந்து உட்கார்ந்தான், சாப்பிட்டான், மாசம் ஒன்று போனதும் வேலைக்கும் வந்துவிட்டான். ஒரே ஒரு குறை: கை நடுங்க ஆரம்பித்தது. இரண்டு பேரும் சேர்ந்து போய்க் கேட்டபோது டாக்டரம்மா விளக்கிச் சொன்னாள். நடுக்கம் மாத்திரையால் வருவது, அளவைக் குறைத்துப் பார்க்கலாம், முழுசாக நிற்காது. ஆனால் தானாக நிறுத்திவிடாதே, நிறுத்தினால் நோய் முன்னைவிட மோசமாகத் திரும்பும் என்று இந்தியிலும் சொன்னாள், விரலை நீட்டி மராட்டியிலும் சொன்னாள். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள்.

அன்றிலிருந்து கண்ணன் கத்தி எடுக்கவில்லை. தோலைப் பார்த்து அச்சு வைப்பது அவன். வெட்டுவது வேறு ஆள். கண்ணன் பக்கத்தில் நின்று அந்த ஆளின் கத்தியையே பார்ப்பான். கோடு பிசகினால் உள்ளங்கை தானாக மூடும். "கை டான்ஸ் ஆடுதுலே மீரான், கல்யாண வீட்டுக்கு அனுப்பு" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பு யாருக்காக என்று மீரானுக்குத் தெரியும்.

இனிக் கோயில். இவர்கள் கல்லி என்கிற சந்து முடிகிற இடத்தில் நாங்குநேரிப் பக்கத்து ஆட்கள் வைத்த சின்னச் சுடலைமாடன் கோயில் ஒன்று உண்டு. வருஷத்துக்கு ஒரு கொடைத் திருவிழா. கமிட்டித் தலைவர் ஆறுமுகநயினார், பழைய பிளாஸ்டிக் வாங்கி விற்கிறவர். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். மூன்றில் ஒன்றாவது எழுதி மீரான் பார்த்ததில்லை. நோய் வந்த மறுவருஷக் கொடையில் கண்ணனுக்கு அருள் வந்தது. மாத்திரையை விட்டுவிட்டு உடம்பு முறுக்கேறிக் கிடந்த சமயம். மூன்று மணி நேரம் ஆடினானாம். கோவண்டியிலிருந்து வந்த ஒருத்திக்குக் காணாமல்போன பசு எங்கே நிற்கிறது என்று சொன்னானாம். பம்பாயில் அவளுக்கு ஏது பசு என்று ஒருவரும் கேட்கவில்லை. அதிலிருந்து வல்லயம் அவன் கைக்கு வந்தது. வல்லயம் என்பது சாமியாடி பிடிக்கிற ஈட்டி. கல்யாணிலிருந்தும் நெருளிலிருந்தும் குறி கேட்கக் கூட்டம் வந்தது, கமிட்டிக்குப் பெருமை வந்தது.

மாத்திரை ஒழுங்காகப் போட்ட வருஷங்களில் சாமி அமைதியாக வந்துவிட்டுப் போயிற்று. நயினாருக்கு அது பொறுக்கவில்லை. இங்கிலீஷ் மருந்து உடம்பில் இருந்தால் மாடன் இறங்க மாட்டான், வல்லயம் பிடிக்கிறவன் விரதம் நாற்பத்தோரு நாளும் மாத்திரை தொடக்கூடாது என்று ஒரு சட்டம் போட்டார். ஊரில் எந்தச் சாமியாடிக்கும் இப்படி ஒரு சட்டம் கிடையாது. அங்கே சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டே ஆடுகிறவர்கள் உண்டு. நயினாரே பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் வந்து இந்தச் சட்டத்தைப் பேசினார். வடிவு சண்டை போட்டாள். பல வருஷம் ஜெயித்தாள். இந்த வருஷம் கண்ணனே கமிட்டி பக்கம் சாய்ந்துவிட்டான். சித்திரைக் கொடைக்கு நாற்பத்தோரு நாள் முன்னால் மாத்திரையை நிறுத்தினான். ஆனி பிறந்து பத்து நாளில் செத்துப்போனான்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு இரண்டு நாள் முன்பு, பகல் மூன்று மணிக்கு, வடிவு காலாவுக்கு வந்தாள். மாட்டுங்காவில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிற வேலை அவளுக்கு. ஷிப்டு முடிந்து நேராக வந்திருந்தாள். விரலில் வாழைக்காய்க் கறை. மெஷின் ஓட்டுகிறவர்கள் மரியாதைக்கு மெஷினை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனார்கள். அவள் வெட்டு மேசைப் பக்கம் திரும்பாமல், பசை டப்பாக்கள் இருந்த மூலையில் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, பதினாறு அன்னைக்கு நகுலுக்கு உருமா கட்டும்போது அவன் கையில வல்லயத்தையும் குடுக்கப்போறாவளாம். எங்க அண்ணனே வந்து சொல்லுதான். நகுலு அப்பாவுக்குக் கோயில்ல பீடம் போட்டுத் தெய்வமாக் கும்பிடப்போறாவளாம். மகன் நாப்பத்தோரு நாள் விரதம் இருந்து அந்தப் பீடத்தைத் திறக்கணுமாம்."

மீரானுக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது, கசப்பாக. நல்ல ஏற்பாடு. ஆளை உருக்குலைத்துச் சாகவிட்டு, கல்லாக்கி நட்டு, அதற்கு முன்னால் அவன் பிள்ளையையே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். பேனரில் இருந்த பதினாலு தலையும் கண்ணுக்கு முன்னே வந்தது.

"நகுலு என்ன சொல்லுதான்?"

"அவன் என்ன சொல்லுவான். அப்பா பேரக் கேட்டாலே பேச்சு நின்னு போவுது. எல்லாரும் சொன்னா வாங்கிருவான்." குரலைத் தாழ்த்தினாள். "அவனுக்கும் தையிலருந்து அதே மாத்திரைதான் அண்ணே. ஒங்களுக்கும் எனக்கும் அவன் அப்பாவுக்கும் மட்டுந்தான் தெரியும். விரதம்னா அதை நிப்பாட்டச் சொல்லுவாவ. நிப்பாட்டுனா என்ன ஆவும்னு நான் பாத்துட்டேன்."

மீரானுக்குத் தெரியும். நகுலுக்கு இருபத்துமூன்று வயசு. ஒரு கூரியர் ஆபீஸில் வேலை. மார்கழியில் அவன் ஒரு வாரம் தூங்காமல், ஆபீஸில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இருசக்கர வண்டி வாங்கித் தருவதாகப் பேசிக்கொண்டு திரிந்தபோது, அதே டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனது மீரான்தான். கண்ணன் அன்று ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, என் சொத்து இது ஒண்ணுதான் மீரான், அதையும் குடுத்துட்டேன் என்றான். அவன் அழுது மீரான் பார்த்தது அது ஒருதரம்தான்.

"நான் பொம்பள பேசுனா, புருசன் போன துக்கத்துல ஒளறுதான்னு தள்ளிருவாவ. நீங்க சொல்லணும் அண்ணே. மாத்திரைய நிப்பாட்டுனதாலதான் அவுக போனாவன்னு சபையில சொல்லணும். நகுலு விசயத்தச் சொல்ல வேண்டாம், நாளைக்கு ஒரு பொண்ணு பாக்கணும். அவுக விசயத்த மட்டும் சொல்லுங்க."

சொல்லுதேன் தங்கச்சி, கிழிச்சுப் போடுதேன் என்றான் மீரான். அவள் போன பிறகும் அந்தக் கோபத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். நயினாரை என்னென்ன கேட்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தான். கேள்விகள் நன்றாகத்தான் வந்தன. அப்புறம் வெட்டு மேசைப் பக்கம் கண் போயிற்று.

வடிவுக்குத் தெரியாத ஒன்று அவனிடம் இருந்தது. மாத்திரையை நிறுத்தி இரண்டாம் வாரம் கண்ணனின் கை நடுக்கம் நின்றுவிட்டது. ஒருநாள் காலை அவன் கத்தியை எடுத்து ஒரு தோலை வெட்டினான். ஒரே இழுப்பு, மயிரிழை பிசகவில்லை. காலாவே வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. மீரான் என்ன செய்தான்? டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்ததா? வந்தது. பொய் சொல்லக்கூடாது, நன்றாகவே வந்தது. வந்தும், முதுகில் ஓங்கித் தட்டி, இப்பதாம்லே பழைய கண்ணன் வந்துருக்கான் என்றான். அந்த வாரமே பெரிய ஆர்டர் ஒன்றைத் துணிந்து ஒத்துக்கொண்டான். அவ்வளவு சுத்தமாக வெட்டக் கண்ணன் கை இல்லாமல் முடியாது.

கொடை முடிந்த மறுநாள் கண்ணன் மாத்திரை அட்டையோடு வந்து நின்றான். இன்னையிலிருந்து போட ஆரம்பிக்கட்டுமாலே என்று கேட்டான். பொண்டாட்டியிடம் கேட்கவில்லை, டாக்டரிடம் கேட்கவில்லை, கமிட்டியிடம் கேட்கவில்லை. மீரானிடம் கேட்டான். மீரான், ஆர்டர் முடியட்டும்லே, ரெண்டு வாரந்தானே என்றான். இரண்டு வாரம் முடிவதற்குள் கண்ணன் மாடியேறிச் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அதன் பிறகு மாத்திரை கொடுத்தார்கள், ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப்போனார்கள். அந்தத் தடவை அவன் எழுந்திருக்கவில்லை.

இப்படிப்பட்டவன்தான் நயினாரைக் கிழிக்கப்போகிறான். மீரானுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

பதினாறாம் நாள் மழை கொட்டியது. கல்லியின் இரண்டு பக்கத்துக் கூரைகளையும் சேர்த்து நீலத் தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் தேங்கித் தொங்குகிற இடங்களை அவ்வப்போது ஒருத்தர் துடைப்பக்கட்டையால் முட்டித் தள்ளினார். ஒரு மூலையில் பெரிய வட்டாவில் சாம்பார் கொதித்தது. வடை மாவு அரைத்த ஈர வாசம், ஊதுபத்தி, சாக்கடை எல்லாம் ஒன்றாகக் கலந்து வந்தது. நூறு பேருக்குக் குறையாது. பத்தொன்பது வருஷத்தில் கண்ணன் படுத்துக்கிடந்த மாடிக்கு வந்து பார்த்தவர்களை ஒரு கையில் எண்ணிவிடலாம். இன்று பாயசத்துக்கு எத்தனை அன்பு! இரண்டு பேர் போட்டோவுக்கு முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரியவர் வடை வேகுமா வேகாதா என்று அடுப்பையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

தாய்மாமன் உருமாத் தலைப்பாகை கட்ட நகுலை மணையில் உட்காரவைத்தார்கள். அந்தப் பையன் மொட்டைத் தலையோடு குனிந்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் செவ்வரளி மாலை சுற்றி வல்லயத்தைச் சாத்திவைத்திருந்தார்கள். உருமா கட்டுவதற்கு முன்னால் இரண்டு வார்த்தை என்று நயினார் எழுந்தார். இரண்டு வார்த்தை அரை மணி நேரம் ஓடியது. கண்ணனை அவர் தம்பி என்றார், மாடன் கேட்டு எடுத்துக்கொண்ட பூ என்றார். எப்படிச் செத்தான் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. சாவுக்கு ஒரு வாரம் முன்னால், அவன் நடிக்கான் என்று இதே வாயால் டீக்கடையில் சொன்னதை மீரான் காதால் கேட்டிருக்கிறான். கடைசியில் விரதத்துக்கு வந்தார்.

"சில பேரு மனசுல ஒரு சந்தேகம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். மாத்திரைய நிப்பாட்டுனதால ஒடம்பு கெட்டுதுன்னு. அதுக்கு நான் பதில் சொல்ல வேண்டாம். பத்தொம்பது வருசமா ஆடுன கை, விரதம் இருந்த நாப்பத்தோரு நாள்ல நின்னு போச்சு. எந்த டாக்டரு நிப்பாட்டுனான்? மாடன் நிப்பாட்டுனான். சாட்சி வேத்து மதத்து ஆளு, அதனால பொய்யி இருக்காது." கையை நீட்டினார். "சொல்லும்வே மீரான் பாய். ஒம்ம காலாவுல எல்லாரும் பாத்தாவ. கை நின்னுதா, இல்லையா?"

எல்லா முகமும் திரும்பியது. வீட்டு வாசலில் பெண்களுக்கு நடுவே இருந்த வடிவு தலையை நிமிர்த்தினாள். இந்த மனிதர் எவ்வளவு கெட்டிக்காரர் என்று மீரானுக்கு அப்போதுதான் உறைத்தது. நடுக்கம் நின்றது பொய்யில்லை. இல்லை என்று சொன்னால் காலா ஆட்கள் நாலு பேர் மறுப்பார்கள். ஆமாம் என்று மட்டும் சொன்னால் வல்லயம் நகுலின் கைக்குப் போய்விடும். மூன்றாவதாக ஒன்று இருந்தது. அதைச் சொன்னால் வடிவின் முகத்தை அவன் இனிப் பார்க்க முடியாது.

எழுந்து நின்றான்.

"நின்னுச்சு. மாத்திரைய விட்டா அந்தக் கை தானா நிக்கும். அத ஆஸ்பத்திரில எங்க ரெண்டு பேரையும் நிக்க வச்சுச் சொன்னாவ. விட்டா நோவு திரும்பும்னும் சொன்னாவ. இதுல சாமியும் இல்ல, அற்புதமும் இல்ல."

"தெரிஞ்சா அப்பமே சொல்லிருக்கலாமேவே?"

"சொல்லல. எனக்கு அவன் கை வேண்டியிருந்துது. கொடை முடிஞ்ச மறுநா மாத்திரைய எடுத்துட்டு எங்கிட்ட வந்தான். இன்னையிலருந்து போடட்டுமான்னு கேட்டான். ஆர்டர் முடியட்டும், பொறவு போடுன்னு நாந்தான் சொன்னேன்."

அடுப்புப் பக்கம் இருந்தவர்கள்கூடக் கரண்டியை வைத்துவிட்டார்கள். மீரான் வாசல் பக்கம் பார்க்கவில்லை.

நயினாரின் முகத்தில் ஒரு நிம்மதி படர்ந்ததே, அதைப் பார்க்கணும். பதினாறு நாளாகத் தொண்டையில் கிடந்த முள் இறங்கிவிட்டது. சபையை ஒரு சுற்றுப் பார்த்தார். "கேட்டுக்கிட்டியளா எல்லாரும். நம்ம தம்பியக் கொன்னது யாருன்னு அவம் வாயாலயே வந்துட்டு."

"ஆமா," என்றான் மீரான். "என்னைச் சொல்லுங்க, நான் ஒத்துக்கிடுதேன். ஆனா ஒங்களையும் சேத்துத்தான் சொல்லுதேன் அண்ணாச்சி. நீங்க அவங்கிட்ட சாமியக் கேட்டிய, நான் கையக் கேட்டேன். அந்தப் பையங்கிட்ட இனி ஆரும் ஒண்ணும் கேக்கப்படாது."

இரண்டு மூன்று பேர் கத்திக்கொண்டு எழுந்தார்கள். எங்க கோயில் விசயத்துல ஒனக்கென்னவே என்றார் ஒருத்தர். வெளியே போகச் சொல்லு என்றார் வடையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர். தாய்மாமன் உருமாத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நயினாரையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். நயினார் இந்தச் சந்தடியிலேயே வல்லயத்தை எடுத்து நகுல் பக்கம் நீட்டிவிட்டார். ஆளுக்கு அவ்வளவு அவசரம்.

நகுல் அதைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"பெரியப்பா, மே பீ கோலி காத்தா ஹூம்," என்றான். தமிழில் திரும்பச் சொன்னான், மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக. "நானும் மாத்திரை சாப்பிடுதேன். அப்பா சாப்பிட்ட அதே மாத்திரை. நிப்பாட்ட மாட்டேன்."

தாய்மாமன் மனைவி கன்னத்தில் கை வைத்தாள். இனிமேல் இவனுக்கு எவன் பெண் கொடுப்பான் என்று நாலைந்து பெண்கள் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டு முடித்துவிட்டார்கள். அவர்கள் முகத்தில் அது எழுதி ஒட்டியிருந்தது. நயினார் வல்லயத்தை இன்னும் நீட்டியபடியே நின்றார். சாமி விசயத்துல பயம் வேணும்டே, மாடன் வெறுங்கையோட திரும்ப மாட்டான் என்று ஏதோ ஆரம்பித்தார்.

வடிவு எழுந்து கூட்டத்துக்குள் நடந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"மாடனுக்கு ஆளு வேணும்னா ஒங்க மவன் நெருள்ல இருக்காம்லா அண்ணாச்சி. அவன் கையில குடுங்க. நாப்பத்தோரு நாள் லீவு போடச் சொல்லுங்க."

நயினாரின் மகன் ஆடிட்டர். ஊர்க் கோயிலுக்கு வந்தால் செருப்பு தொலைந்துவிடும் என்று காரிலேயே உட்கார்ந்திருப்பவன். நயினார் பக்கத்தில் நின்ற கமிட்டிக்காரரைப் பார்த்தார். அவருக்கும் இரண்டு மகன்கள். அவர் வடை அடுப்பைப் பார்த்தார். இப்படியே ஒருத்தர் ஒருத்தராகப் பதினாலு தலையும் வேறெங்கோ பார்த்தது. வல்லயம் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு நயினாரே அதைச் சுவரில் சாத்தினார். வடிவு தன் அண்ணனைப் பார்த்து, நீ உருமாவக் கட்டு என்றாள். அவர் கட்டினார். பந்தி பரிமாறினார்கள். எல்லோரும் சாப்பிட்டார்கள், பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கியும் சாப்பிட்டார்கள். பீடத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரும் பேசவில்லை.

மீரான் கல்லி முனையில் மழைக்கு ஒதுங்கி நின்றான். போகவும் முடியவில்லை. அரை மணி கழித்து வடிவு அங்கே வந்தாள். அவள் திட்டினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தான். செருப்பைக் கழற்றினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தான்.

"இத அன்னைக்கு முக்காலியில உக்காந்திருந்தப்பவே எங்கிட்ட சொல்லிருக்கலாம்."

"பயமா இருந்துது தங்கச்சி."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. முந்தானையால் மழைத் தண்ணீரைத்தான் துடைத்துக்கொண்டாள்.

"இனி வீட்டுக்கு வராதிய. ஒங்களப் பாத்தா எனக்கு ஆகாது. ஆனா தினம் பகல் ரெண்டு மணிக்கு அவனுக்கு போன் போட்டு, மாத்திரை போட்டியான்னு கேக்கணும். நான் அந்நேரம் மெஸ்ஸுல இருப்பேன். ஒருநாளும் விடப்படாது. நீங்க சாவுத வரைக்கும் கேக்கணும்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

மறுநாள் இரண்டு மணிக்கு மீரான் மெஷின்களை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போன் போட்டான். நகுல் எடுத்தான். லே லியா சாச்சா, போட்டுட்டேன் என்றான், வைத்துவிட்டான். அதற்கு மறுநாளும் அவ்வளவுதான். ஒரு மாசம் இப்படியே ஓடியது. பேனரைக் கழற்றி அதே கம்பில் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துக் கட்டினார்கள். கோயிலில் நயினார் வல்லயத்தைக் கர்ப்பக்கிருகத்துக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டதாகச் சொன்னார்கள். காலாவில் வெட்டு மேசைக்கு ஆள் எடுக்கவில்லை. மீரானே வெட்டினான், பத்து பர்ஸ் எடுக்கிற இடத்தில் ஒன்பது எடுத்தான்.

ஆடி முடியப்போகிற ஒருநாள், நகுல் போட்டுட்டேன் என்று சொன்ன பிறகும் போனை வைக்கவில்லை. பின்னால் கூரியர் ஆபீஸ் சத்தம் கேட்டது.

"சாச்சா, ஒரு விசயம். கை நடுங்குது. பேனா பிடிச்சு அட்ரஸ் எழுத முடியல. ஆபீஸ்ல எல்லாரும் பாக்காங்க. ரெண்டு நாள் மட்டும் விட்டுப் பாக்கட்டுமா?"

அவன் அப்பனும் இதே மாதிரிதான் கேட்டான், தன்மையாக, பதில் என்னவானாலும் கேட்டுக்கொள்கிற குரலில்.

"விடப்படாது. இன்னைக்கே டாக்டரம்மாகிட்ட போவோம், ஆஸ்பத்திரி வாசல்ல நிக்கேன், நீ வா. அது வரைக்கும் கை நடுங்கட்டும்லே."

"எல்லாரும் பாக்காங்க சாச்சா."

"பாக்கட்டும். நடுங்கட்டும்."